குட்டையின் நடு

ஏப்ரல் 3, வியாழன்

சிவநேசனோடு நான் பேச்சை நிறுத்திப் பத்து நாளாகிறது. அது அவனுக்குத் தெரியுமா என்பதுதான் சந்தேகம். காலையில் கரைமேல் எதிரே வந்தான். "அண்ணி, சாப்டீங்களா?" என்று கேட்டான். பதிலுக்கு நிற்காமல் போய்விட்டான். பேசாமல் இருப்பதிலும் என்னைத் தோற்கடிக்கிற ஆள் என் கொழுந்தன்.

நாளைக்கு யாராவது கேட்டால் நியாயம் யார் பக்கம் என்று தெரியவேண்டும், அதனால் எழுதி வைக்கிறேன். எங்கள் இறால் குட்டையில் நான்கு ஏரேட்டர்கள் மிதக்கின்றன. மோட்டார் ஓட, துடுப்புச் சக்கரம் தண்ணீரை அடித்துக் காற்றைக் கலக்கும். கலக்குவதோடு தண்ணீரைத் தள்ளவும் செய்யும். மூலைக்கு ஒன்றாக, ஒன்று தள்ளுவதை அடுத்தது வாங்கித் தள்ளுகிற மாதிரி கட்டினால் குட்டை முழுவதும் ஒரே வட்டமாகச் சுழலும். இறாலின் கழிவு, மிச்சத் தீவனம், செத்த பாசி எல்லாம் நடுவில் வந்து குவியும். ஓரமெல்லாம் சுத்தமாகிவிடும். பதினோராம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறவள் நான். படமே போட்டுக் கொடுத்தேன்.

அவன் என்ன செய்தான்? வாஸ்துக்காரர் ஒருவரை அழைத்து வந்தான். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரையில் நின்று பார்த்தார். தண்ணீர் கன்னி மூலைக்குப் போகவே கூடாது, ஈசான்யத்துக்குத்தான் போகவேண்டும் என்றார். உடனே இரண்டு ஏரேட்டர்களைத் திருப்பிக் கட்டிவிட்டார்கள். குஞ்சு விட்ட நாளிலிருந்து எங்கள் குட்டை ஒரு வட்டமாகச் சுற்றாமல், இரண்டு வட்டமாகி ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு கிடக்கிறது. வாஸ்துக்காரருக்கு நூற்றுக்கு மூன்று மதிப்பெண் கொடுக்கலாம். நேரத்துக்கு வந்ததற்கு.

இதில் எனக்கென்ன என்று சிவநேசன் கேட்கலாம். என் வீட்டுக்காரர் தோஹாவில் பதினோரு வருஷமாகக் கிரேன் ஓட்டுகிறார். இந்த மாதக் கடைசிக்குள் புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் இன்னும் மூன்று வருஷம். "இந்த அறுவடை நல்லா வந்தா கையெழுத்துப் போடல அரசி, வந்து குட்டையைப் பாத்துக்கறேன்" என்று சொல்லியிருக்கிறார். எனக்கு முப்பத்தொன்பது நடக்கிறது. எங்களுக்குக் குழந்தை இல்லை. இதற்குமேல் எழுத எனக்கு விருப்பமில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

சிவநேசன் வீட்டுக்கு வந்தான், தீவனக் கிடங்கின் சாவிக்காக. பேசாமல் இருக்கிற நிலையிலும் டீ போட்டுக் கொடுத்தேன். காரணமாகத்தான். கண்ணாடி டம்ளரில், வடிகட்டாமல், தூளோடு.

"தம்பி, குடிக்கறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க" என்று ஸ்பூனை விட்டு வேகமாகச் சுற்றினேன். எடுத்துவிட்டேன். தூளெல்லாம் ஒரு நொடி பறந்தது. பிறகு மெதுவாக இறங்கி டம்ளரின் அடியில், சரியாக நட்ட நடுவில், பொட்டு வைத்த மாதிரி உட்கார்ந்தது.

"சுத்துற தண்ணி எல்லாத்தையும் வெளியில தள்ளும்னுதானே நெனைப்போம்? அடியில இருக்கற தண்ணி தரையில உரசி வேகம் கொறைஞ்சிரும். அதால வெளிய நிக்க முடியாது, உள்ளே சறுக்கும். சறுக்கும்போது குப்பையையும் இழுத்துட்டுப் போயி நடுவுல விட்டுட்டு, மேல வந்துரும். குட்டைக்கும் இதேதான். நாலு ஏரேட்டரும் ஒரே சுத்தா சுத்தணும்."

பதினைந்து வருஷமாக வகுப்பில் இதைக் காட்டி வருகிறேன். வாய் பிளக்காத பிள்ளையை நான் பார்த்ததில்லை. சிவநேசன் டம்ளரை வாங்கினான். குடித்தான்.

"டீ நல்லாருக்கு அண்ணி. தூளுதான் செத்த ஜாஸ்தி."

"தம்பி, நான் சொன்னது..."

"அறுவடை வரைக்கும் ஏரேட்டரைத் தொடக்கூடாதுன்னு சொல்லிருக்காரு அண்ணி. இப்ப மாத்துனா வந்த லட்சுமி எழுந்து போயிரும்னாரு."

சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். பி.காம். படித்தவன். டம்ளரை நான் கழுவிக் கவிழ்த்தேன். கழுவும்போது தொட்டித் துளையில் தண்ணீர் குறுகிச் சுற்றி இறங்கியதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எதற்கும் லட்சுமி தேவைப்படவில்லை.

ஏப்ரல் 9, புதன்

விடைத்தாள் திருத்தும் முகாம் தொடங்கிவிட்டது. காலை ஆறேகால் பஸ். அறையில் நாற்பது ஆசிரியர்கள், மூன்று மின்விசிறி, அதில் ஒன்று ஓடாது. திருத்திய கட்டை இன்று நான் கட்டிக் கொடுத்தபோது தலைமைத் திருத்துநர் எல்லோரிடமும் தூக்கிக் காட்டினார். "மங்கையர்க்கரசி டீச்சர் கட்டுற கட்டைப் பாருங்க. குறுக்கே ஒண்ணு, நெடுக்கே ஒண்ணு, மேல பூ முடிச்சு. லாரியில இருந்து விழுந்தாலும் பிரியாது." சந்தோஷமாக இருந்தது. நான் செய்வதைச் சரி என்று சொல்வதற்கு முப்பது கிலோமீட்டர் பஸ்ஸில் போகவேண்டியிருக்கிறது.

ராத்திரி தோஹாவிலிருந்து அவர் பேசினார். ஏரேட்டர் கதையைச் சொன்னேன். "நீங்க ரெண்டு பேருமே பேசித் தீத்துக்கங்க அரசி, நான் இங்க இருந்து என்ன செய்ய?" என்றார். பதினோரு வருஷமாக இதே பதில். எனக்கும் அவனுக்கும் நடுவில் அவர் இருக்கிறார். ஆனால் அந்த இடத்தில் ஆள் இல்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

முகாமுக்கு விடுமுறை. காவல்காரர் அய்யாக்கண்ணுவைத் தெப்பத்தைத் தள்ளச் சொல்லி, மூங்கில் கம்பை எடுத்துக்கொண்டு நானே குட்டையைச் சோதித்தேன். ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர் அவர், ஆனால் என்னைத் தெப்பத்தில் ஏற்றியதற்கு நடுங்கிக்கொண்டே இருந்தார். கம்பை அடியில் குத்தி எடுத்து முகர்ந்து பார்ப்பது. அவ்வளவுதான் சோதனை.

நான் சொன்னது அச்சுப் பிசகாமல் இருந்தது. நடுவில் ஒன்றுமில்லை. இரண்டு இடத்தில், ஒன்று வடக்குப் பக்கம், ஒன்று தெற்கே தீவனம் போடுகிற இடத்துக்கு அருகிலேயே, கறுப்புச் சேறு முழங்கால் உயரத்துக்கு. அழுகிய முட்டை நாற்றம். சாப்பிடுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே கக்கூஸ் கட்டி வைத்திருக்கிறான் என் கொழுந்தன்.

"எறா அந்தப் பக்கம் போறதில்லம்மா" என்றார் அய்யாக்கண்ணு. "சுத்திக்கிட்டுப் போயிருது."

அவரும் அவன் கட்சி. சம்பளம் கொடுப்பது நாங்கள் இருவரும் சேர்ந்து.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. மாங்காய்ப் பச்சடியைச் செய்து அவன் வீட்டுக்கும் கொடுத்தனுப்பினேன். அவர்கள் வீட்டிலிருந்து வடை வந்தது. தட்டுகள் போய் வந்த பிறகு கரையில் சண்டை.

நான்தான் ஆரம்பித்தேன். கம்பில் ஒட்டியிருந்த கறுப்பை அப்படியே காயவைத்திருந்தேன். அதைக் காட்டினேன். அவன் பார்க்கக்கூட இல்லை.

"அண்ணி, உங்களுக்கு எறா முக்கியமில்ல. நீங்க போட்ட படம் மாதிரி தண்ணி ஓடணும். அதான் ஒங்களுக்கு வேணும்."

"உங்களுக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியாதா தம்பி? உங்க அண்ணன் வந்துட்டா கரையில ராஜாவாட்டம் நிக்க முடியாதுல்ல?"

முகத்தில் அடித்த மாதிரி ஆகிவிட்டது அவனுக்கு. ஏரேட்டர் நாலும் தண்ணீரைச் சடசடவென்று அடித்துக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தீவன மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான்.

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று இந்த இடத்தில் எழுதலாம். எழுதமாட்டேன்.

ஏப்ரல் 17, வியாழன்

முகாம். தலைவலி. வடை நன்றாகவே இருந்தது, அதுதான் எரிச்சல்.

ஏப்ரல் 20, ஞாயிறு

சிவநேசன் குடும்பத்தோடு மன்னார்குடி போகிறான். அவன் மச்சினிக்குக் கல்யாணம். புதன்கிழமை ராத்திரிதான் வருவானாம். கிளம்புகிற அவசரத்தில், பட்டு வேட்டியோடு, வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனான்:

"அய்யாக்கண்ணு எல்லாத்தையும் பாத்துக்குவாரு. ஏரேட்டரை மட்டும் தொடாதீங்க அண்ணி."

பிள்ளைகளிடம் நான் 'தொடாதே' என்று ஆய்வகத்தில் சொல்வேன். என்னிடம் யாரும் சொன்னதில்லை.

ஏப்ரல் 21, திங்கள்

முகாமுக்கு விடுப்புச் சொன்னேன். மதியம் குட்டைக்குப் போனபோது தெற்குப் பக்கத்து ஏரேட்டர்கள் இரண்டின் கயிறும் தளர்ந்திருந்த மாதிரி பட்டது. அய்யாக்கண்ணுவைத் தண்ணீரில் இறக்கி, முளைக்குச்சியை மாற்றி அடித்து, இழுத்துக் கட்டினோம். ஈரக் கயிறு அவர் கைக்கு வழுக்கியதால் முடிச்சை நானே போட்டேன். கட்டும்போது முகம் கொஞ்சம் திரும்பியிருக்கலாம்.

"தம்பி வந்தாக் கேப்பாகளேம்மா" என்றார்.

"கயிறு தளந்துச்சு, கட்டினோம். இதுல கேக்க என்ன இருக்கு?"

இன்றைக்கு அசந்து தூங்கப்போகிறேன். அப்படித் தூங்கி எத்தனையோ நாளாயிற்று.

ஏப்ரல் 22, செவ்வாய்

சுற்றுகிறது! ஒரே வட்டம்! கரையில் நின்று பார்க்கவே கண்கொள்ளவில்லை. வேப்பங்குச்சி ஒன்றை வீசினேன். அது வடக்கே போய், மேற்கே திரும்பி, தெற்கே வந்து, என் காலடிக்கே வந்து சேர்ந்தது. மறுபடி கிளம்பிப் போயிற்று. மேலே நுரையெல்லாம் நடுப்பக்கமாகத் திரண்டு, ஒரு பெரிய வெள்ளைத் தட்டு மாதிரி நிற்கிறது. கண்ணுக்குத் தெரியாமல் கீழே என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். குப்பை நடுவை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கும்.

தண்ணீர் கொஞ்சம் கலங்கலாக இருப்பதாக அய்யாக்கண்ணு சொன்னார். வீட்டைப் பெருக்கினால் தூசி பறக்கத்தானே செய்யும்?

என் வீட்டுக்காரரிடம் போனில், "குட்டை அருமையா இருக்குங்க, நீங்க பெட்டி கட்ட ஆரம்பிச்சுரலாம்" என்றேன். சிரித்தார். எனக்கு இப்போது ஒரு மாதிரியான பொறாமை வருகிறது, தோஹாவில் அந்தச் சிரிப்பைத் தினமும் கேட்கிற ஆட்கள் மேல்.

ஏப்ரல் 23, புதன்

முகாம் போனேன். இடைவேளையில் ஒரு யோசனை. சுழல் என்றால் என்ன என்று பிள்ளைகளுக்கு நாம் சொல்வது, தண்ணீர் ஒரு நடுவைச் சுற்றி ஓடுவது என்று. ஆனால் முக்கியமான விஷயம் ஓட்டம் இல்லை, நடுதான். சுழல் தன் குப்பையை எங்கேயாவது வைத்தாக வேண்டும். நல்ல சுழல் என்றால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்கும், அதை நீ பார்க்கலாம், எடுக்கலாம். இதை அடுத்த வருஷம் பாடத்தில் சேர்க்க வேண்டும்.

மாலையில் சோதனைத் தட்டைத் தூக்கிப் பார்த்தேன். தண்ணீருக்குள் தீவனத்தோடு தொங்குகிற தட்டு அது. இறால் எவ்வளவு தின்றது என்று அதில் தெரியும். தீவனம் அப்படியே இருந்தது. இறாலுக்கும் ஒரு நாள் பசிக்காமல் இருக்கலாம்.

ஏப்ரல் 24, வியாழன்

விடியும்போதே அய்யாக்கண்ணு கதவைத் தட்டினார். "அம்மா, எறா கரையேறுது."

ஓடினேன். செருப்பு போடவில்லை. இறால்கள் ஓரத்தில் அடை அடையாக நின்றன. தலையைத் தண்ணீருக்கு வெளியே நீட்டிக்கொண்டு, சில துள்ளிக் கரைமேல் விழுந்து, மண்ணில் புரண்டு. தண்ணீர் கறுப்பாக இருந்தது. குட்டை முழுவதும் அந்த நாற்றம், கம்பின் நுனியில் நான் முகர்ந்த அதே நாற்றம். நான்கு ஏரேட்டரும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஒரே வட்டமாக, நான் கட்டிய மாதிரியே, அந்தக் கறுப்பை அழகாகச் சுற்றிக்கொண்டிருந்தன.

இறாலைக் கையால் அள்ளித் தண்ணீருக்குள் எறிந்துகொண்டிருந்தேன் என்று அய்யாக்கண்ணு பிறகு சொன்னார். எனக்கு அது நினைவில்லை.

சிவநேசன் ராத்திரிதான் ஊர் வந்திருந்தான். மோட்டார் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தான், சட்டையில் இன்னும் சந்தனக் கறை. ஒரு தடவை தண்ணீரைப் பார்த்தான். ஒரு தடவை தெற்குப் பக்கத்து ஏரேட்டர்களைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை.

"அய்யாக்கண்ணு, அந்த ரெண்டையும் நிறுத்து! வாய்க்கா மடையைத் தொற! புதுத் தண்ணி விடு!"

அதற்குமேல் நடந்ததெல்லாம் அவன்தான். போன் மேல் போன். வலைக்காரர்கள் வந்தார்கள், ஐஸ் வண்டி வந்தது, வியாபாரி வந்து உதட்டைப் பிதுக்கினார். வலையை இழுத்துக்கொண்டே இருந்தார்கள். உயிரோடு கிடைத்ததைப் பிடித்துப் போட்டார்கள், இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் வளரவேண்டிய இறாலை, கிடைத்த விலைக்கு. அடியில் செத்துக் கிடந்தது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. மார்பளவுத் தண்ணீரில் நின்று சிவநேசன் கத்திக்கொண்டிருந்தான். எனக்குச் செய்வதற்கு ஒன்றுமே இல்லை. எல்லோருக்கும் டீ போட்டேன்.

ஏப்ரல் 25, வெள்ளி

இறால் சாவதற்குப் பல காரணங்கள் உண்டு. மேகமூட்டம். மின்சாரம் ஏறி இறங்குவது. விடியற்காலையில் தண்ணீரில் காற்று குறைவது. தீவனம் கெட்டுப் போயிருப்பது. குஞ்சே சரியில்லாமல் இருப்பது. சென்ற வருஷம் பக்கத்துக் குட்டையில் ஒரு காரணமும் இல்லாமலே செத்தது.

அவரிடம் போனில் மின்சாரம் என்று சொல்லியிருக்கிறேன்.

"சரி அரசி. அப்ப கையெழுத்துப் போட்டுட வேண்டியதுதான்" என்றார். நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். கேட்க வீட்டில் யாரும் இல்லை. எதற்குக் குழாயைத் திறந்தேன்?

ஏப்ரல் 26, சனி

நம்பவே முடியவில்லை. அவர் காலையிலேயே கூப்பிட்டார். கோபமாக இருந்தார்.

"தம்பி எல்லாத்தையும் சொல்லிட்டான் அரசி. வாஸ்து வாஸ்துன்னு ஏரேட்டரைத் திருப்பிக் கட்டினானாம். அடியில சேறு சேந்து, அது கலங்கிப் போச்சாம். எல்லாம் என் தப்புதாண்ணேங்கறான். கரண்டெல்லாம் இல்லையாம். நீ அவனுக்காகப் பொய் சொல்லிருக்கே."

"நான்..."

"பேசாதே. நீ முன்னாடியே சொன்னே, நான்தான் கேக்கல. நான் கையெழுத்துப் போடல. வந்துடறேன். இனிமே அவன் குட்டைப் பக்கமே வரக்கூடாது. நீயும் நானும் பாத்துக்கலாம்."

அவர் வருகிறார். அவன் போகிறான். நான் சொன்னதுதான் சரி என்று அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். நான் ஆசைப்பட்ட மூன்றும் ஒரே போனில்.

மத்தியானம் இரண்டு பிடி சோறு தின்றிருப்பேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

கரைக்குப் போய் நேராகக் கேட்டேன். அவன் ஏரேட்டர்களைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"தம்பி, எதுக்கு அப்படிச் சொன்னீங்க?"

கையில் கயிற்றை வைத்திருந்தான். என் முன்னால் நீட்டினான். குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று, மேலே பூ முடிச்சு.

"பரிச்சப் பேப்பர் கட்டு மாதிரி இருந்துச்சு. அவுக்க முடியல, அறுத்துதான் எடுத்தேன். அய்யாக்கண்ணு சொல்லித்தான் தெரியணும்னு இல்ல அண்ணி."

"அதான் கேக்கறேன். தெரிஞ்சும் எதுக்கு?"

"பின்ன? எங்க அண்ணி என் கண்ணுல மண்ணைத் தூவிட்டாங்கன்னு ஊர்ல சொல்லிட்டுத் திரியவா? வாஸ்து பொய்யாப் போச்சுன்னா சிரிச்சுட்டு விட்டுருவாங்க. ஆளு இல்லாதப்ப ஒரு பொம்பள புகுந்து கவுத்துட்டான்னா, எம் புள்ளைக்குக் கல்யாணம் ஆகறப்பயும் சொல்லிச் சிரிப்பாங்க." துப்புகிற மாதிரிச் சொன்னான். குனிந்து அடுத்த முடிச்சை அறுத்தான். "அதோட அண்ணன் வர்றாருல்ல? அதுக்குத்தானே இவ்வளவும். வச்சுக்கங்க."

வைத்துக்கொள்ளவாம்! பிச்சைக்காரிக்குப் போடுவது போல! இவனிடமிருந்து எனக்கு ஒன்றும் வேண்டாம். இவன் கொடுத்து என் புருஷன் என் வீட்டுக்கு வரவேண்டியதில்லை. வீடு வரைக்கும் உடம்பெல்லாம் எரிந்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஏப்ரல் 29, செவ்வாய்

முகாமில் இன்று ஒரு கட்டைக்கூடக் கட்டவில்லை. பக்கத்து டீச்சரிடம் கொடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து டீ போட்டேன். கண்ணாடி டம்ளர், வடிகட்டாமல். சுற்றினேன். தூள் நடுவில் போய் உட்கார்ந்தது. வழக்கம்போல, அழகாக. பிறகு ஸ்பூனை எடுத்து, அதுவரை சுற்றியதற்கு எதிர்ப் பக்கமாகச் சுற்றினேன்.

நடுவில் இருந்த பொட்டு வெடித்த மாதிரி எழுந்தது. டம்ளர் முழுவதும் கறுப்பு. எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேனோ தெரியவில்லை, டீ ஆறிவிட்டது.

பதினைந்து வருஷமாக நான் ஒரே பக்கமாகத்தான் கலக்கிக் காட்டியிருக்கிறேன். ஒரு பிள்ளைகூட, "மிஸ், மாத்திச் சுத்தினா?" என்று கேட்டதில்லை. கேட்கிற மாதிரி நான் வைத்துக்கொண்டதும் இல்லை.

அவன் கட்டியது தப்புத்தான். ஈசான்யமும் தப்பு, லட்சுமியும் தப்பு, வாஸ்துக்காரருக்கு இன்றைக்கும் மூன்றுதான். ஆனால் அந்தத் தப்பு மூன்று மாதமாக இரண்டு இடத்தில் ஒழுங்காகக் குவிந்து கிடந்தது. இறால் அதைச் சுற்றிப் போகப் பழகியிருந்தது. நான் சரியானதைக் கொண்டுபோய் அதன்மேல் விட்டேன்.

ஏப்ரல் 30, புதன்

மாதக் கடைசி. மதியம் அவருடைய சாப்பாட்டு நேரம் பார்த்துக் கூப்பிட்டேன்.

"தம்பி தப்பு செய்யலைங்க. அவர் மன்னார்குடி போயிருந்தப்ப நான்தான் ஏரேட்டரைத் திருப்பினேன். பழைய சேறு கலங்கினது அதாலதான்."

அந்தப் பக்கம் தட்டுகள் மோதுகிற சத்தம், யாரோ மலையாளத்தில் சிரிக்கிற சத்தம்.

"அவன் எதுக்கு அப்படிச் சொன்னான்?"

"அவரையே கேளுங்க."

"அவனை நான் என்னென்ன பேசிட்டேன் தெரியுமா? அப்பா செத்தப்பகூட அப்படிப் பேசினதில்ல." பிறகு, மெதுவாக, "நீ இதைச் சொல்லாம இருந்திருக்கலாம் அரசி. நான் கெளம்பியிருப்பேன்ல."

"தெரியும்" என்றேன்.

போனை வைத்துவிட்டார்.

மே 2, வெள்ளி

அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். மூன்று வருஷத்துக்கு இல்லை, கெஞ்சிக் கேட்டு ஒரு வருஷத்துக்கு. "தம்பிக்குப் போன நஷ்டத்தை ஈடு பண்ணாம அவன் மூஞ்சில எப்படி முழிப்பேன்?" என்றார். எனக்கு இன்று கோபப்பட ஆள் கிடைக்கவில்லை. துணி துவைத்தேன். துவைத்ததையே மறுபடி துவைத்தேன்.

மே 7, புதன்

குட்டையை வடித்துவிட்டார்கள். வெயிலில் தரை வெடிக்கத் தொடங்கியிருக்கிறது. கரையில் நின்று பார்த்தால் எல்லாம் தெரிகிறது. வடக்கே ஒரு கறுப்பு, தெற்கே ஒரு கறுப்பு, இரண்டின் விளிம்பும் சிதைந்து, அங்கிருந்து இழுபட்ட கோடுகள் நடுவை நோக்கி வளைந்து வளைந்து போகின்றன. நடுவில் புதிதாக ஒரு கறுப்பு வட்டம், மெல்லியதாக. இரண்டு நாளில் நான் சேர்த்தது. அதன்மேல் காய்ந்த இறால் ஓடுகள் வெள்ளையாகக் கிடந்தன.

சிவநேசனும் அய்யாக்கண்ணுவும் சேற்றை வழித்துக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். நானும் ஒரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். முகாம் முடிந்துவிட்டது, பள்ளி விடுமுறை, வீட்டில் உட்கார்ந்து என்ன செய்ய?

என்னைப் பார்த்ததும் கத்தினான்.

"ஒங்களை யாரு அண்ணி அண்ணங்கிட்டச் சொல்லச் சொன்னா? நான் ஒரு பொய் சொன்னா அதையும் திருத்தித்தான் ஆகணுமா? சிவப்பு மையோடவே பொறந்தீங்களா?"

"உங்க பொய்யில எனக்கு வாழ வேணாம் தம்பி."

"வாழ வேணாம்! இப்ப அவரு இன்னும் ஒரு வருஷம் அங்க கெடக்காரு. எனக்கு மட்டும் அண்ணன் வேணாமா? நீங்கதானே சொன்னீங்க, அண்ணன் வந்தா நான் ராஜாவாட்டம் நிக்க முடியாதுன்னு. எனக்கு நின்னு நின்னு காலு வலிக்குது அண்ணி. பதினோரு வருஷம்."

அய்யாக்கண்ணு சட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். நான் வெட்டினேன். அவனும் வெட்டினான். இரண்டு பக்கத்திலிருந்தும் நடு வட்டத்தை நோக்கி வெட்டிக்கொண்டு வந்தோம். நாற்றம் தாங்கவில்லை. முந்தானையை மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டேன், அவன் துண்டைக் கட்டிக்கொண்டான். எங்கள் வீட்டில் பதினோரு வருஷமாக நாங்களும் எதையோ சுற்றிக்கொண்டுதான் நடந்திருக்கிறோம். அது எங்கே குவிந்திருக்கிறது என்று இருவருக்கும் தெரியும்.

நடுவுக்கு வந்தபோது அவன் மண்வெட்டியை ஊன்றி நின்றான்.

"ஜூன்ல குஞ்சு விடணும். ஏரேட்டரு எப்படிக் கட்டறது?"

"ஒரே வட்டமா."

"ஈசான்யம்?"

"ஈசான்யத்துல ஒரு தேங்காய் உடைச்சுக்கங்க. ஏரேட்டரை மூலைக்கு ஒண்ணா நான் சொல்ற மாதிரி கட்டுங்க."

"அது எப்படி அண்ணி, நீங்க சொல்ற மாதிரியேவா?" பழைய குரல் வந்துவிட்டது. பிறகு கறுப்புச் சேற்றை மண்வெட்டி நுனியால் ஒரு முறை புரட்டினான். "எதுவா இருந்தாலும் குஞ்சு விடறதுக்கு முன்னாடியே சண்டை போட்டு முடிச்சுருவோம். விட்டப்பறம் வேணாம். ரெண்டு பேருமே."

"சரி தம்பி" என்றேன்.

கடைசிச் சட்டியை அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்துக் கரைக்கு ஏற்றினோம். இப்போது குளித்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன். இரண்டு தடவை சோப்புப் போட்டும் விரலில் நாற்றம் போகவில்லை. அவரிடமிருந்து இன்னும் போன் வரவில்லை. அவர் வரும்போது எனக்கு நாற்பது நடந்துகொண்டிருக்கும்.

நாளைக் காலை கரைக்கு வரச் சொல்லியிருக்கிறான், சண்டைக்கு. படத்தைப் புதிதாகப் போட்டு வைத்திருக்கிறேன்.